உறுமிக்கொண்டே இருந்த கருமுகன்

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில், கோடையிலும் வற்றாத சுனை ஒன்று இருந்தது. அதில் யார் தண்ணீர் குடிப்பது என்பதற்காக மேட்டு விலங்குகளுக்கும் பள்ளத்து விலங்குகளுக்கும் ஆண்டுதோறும் ஒரு போட்டி நடக்கும். தோற்றவர்கள் கோடை முழுவதும் இரண்டு மலை தாண்டி, முதலைகள் கிடக்கும் ஆற்றுக்குப் போக வேண்டும்.

மணலில் ஒரு பெரிய வட்டம். அணிக்கு ஒரு தலைவர், இரண்டு வீரர்கள். வட்டத்துக்குள் அணிக்கு ஒருவர்தான் நிற்கலாம். மற்றவர் நூறடி தள்ளி நிற்க வேண்டும். தலைவர் விரும்பும்போதெல்லாம் ஆளை மாற்றலாம். ஆளை மாற்றாமல் கோட்டைத் தாண்டியவர் தோற்றவர்; வீரர்கள் இருவரும் தோற்றால் அணி தோற்றது.

பள்ளத்து அணியின் தலைவி செம்பி என்ற கீரி. அதன் பெரிய பலம் கருமுகன் என்ற காட்டுப்பன்றி. கருமுகன் முட்டினால் பாறையும் ஆடும். ஆனால் ஓடத் தொடங்கிவிட்டால் அதனால் நிற்கவும் முடியாது, திரும்பவும் முடியாது.

சென்ற ஆண்டு செம்பி அதைத்தான் முதலில் இறக்கியது. எதிரணிக் குரங்கு சட்டென்று விலகிக்கொண்டது. கருமுகன் கோட்டைத் தாண்டி, முட்புதருக்குள் போய்த்தான் நின்றது. மிஞ்சிய வீரரும் தோற்க, அந்தக் கோடையில் ஆற்றுக்குப் போன மான்களில் மூன்று திரும்பவில்லை. அதை நினைத்தால் செம்பிக்கு இன்னும் இரை இறங்காது.

இந்த ஆண்டும் கருமுகன் துள்ளியது. “தலைவி, என்னை முதலில் விடு! ஒரே முட்டு!”

“நீ முட்ட வேண்டாம். நான் வாலை ஆட்டும்போதெல்லாம் மண்ணைக் கிளறி உறுமு. அது போதும்” என்றது செம்பி.

“உறுமுவதற்கா இவ்வளவு பெரிய உடம்பு?” என்று கருமுகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது.

செம்பி தன் இன்னொரு வீரரான ஆமையை இறக்கியது. மேட்டு அணியின் தலைவனான வக்கணை என்ற நரி, காட்டெருமையை இறக்கியது. எருமை முட்டித் தள்ள, ஆமை ஓட்டுக்குள் ஒடுங்கியபடி கோட்டை நோக்கி நகர்ந்தது.

செம்பி வாலை ஆட்டியது. கருமுகன் உறுமியது.

நரி பதறியது. “ஐயோ, பன்றி வருகிறது! எருமைக்கு விலகத் தெரியாதே! எருமையே, வெளியே ஓடு! குரங்கே, உள்ளே வா!”

குரங்கு நூறடி ஓடி வந்து, துள்ளி விலகத் தயாராக நின்றது. பன்றி வரவில்லை. ஆமைதான் எதிரே கிடந்தது. குரங்கு அதை இழுத்தது, நெம்பியது. ஆமையை அசைக்கவே முடியவில்லை. அதோடு, ஆமை மெதுவாக ஊர்ந்து வட்டத்தின் நடுவுக்கும் திரும்பிவிட்டது.

“சீ! எருமையே, நீயே வா!” என்றது நரி.

எருமை வந்ததும் கருமுகன் மறுபடி உறுமியது. நரி மறுபடி ஆளை மாற்றியது. வெயில் ஏறியது. மணல் கொதித்தது. எருமை ஓட, குரங்கு ஓட, நரியின் தொண்டையும் கட்டிப்போனது.

ஒருமுறை எருமை விட்ட உதையில் ஆமை கோட்டின் விளிம்புக்கே போய்விட்டது. “தலைவி, இப்போதாவது!” என்று கருமுகன் கத்தியது. செம்பி கோட்டின் விளிம்பைப் பார்த்தது. ஆனாலும் வாலை மட்டுமே ஆட்டியது. நரி ஆளை மாற்றியது.

இம்முறை குரங்கு நொண்டிக்கொண்டு வந்தது. உள்ளங்கால்கள் சிவந்து, நாக்கு வெளியே தொங்கியது.

“ஆமையே, வெளியே வா! கருமுகா, இறங்கு!” என்றது செம்பி.

நரி சிரித்தது. “வரட்டும்! குரங்கு உள்ளேதான் இருக்கிறது!”

குரங்கு விலகத்தான் நினைத்தது, கால்கள் கேட்கவில்லை. கருமுகன் முட்டிய முட்டில் அது கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. மோதிய வேகத்தில் கருமுகனும் கோட்டுக்கு ஒரு சாண் உள்ளேயே நின்றுவிட்டது. அடுத்து மூச்சிரைக்க வந்த எருமைக்கும் ஒரே முட்டுதான்.

“இது ஏமாற்று! சும்மா உறுமினீர்கள்!” என்று நரி குதித்தது.

“உறுமியது நாங்கள்தான். ஆளை மாற்றியது நீதானே?” என்றது செம்பி.

பள்ளத்து மான்கள் குட்டிகளுடன் சுனையில் இறங்கின. அவை குடித்து முடிக்கும்வரை செம்பி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அதன்பிறகுதான் தானும் குனிந்து குடித்தது.

நீதி: பலம் இருந்தால் மட்டும் போதாது, அதை இறக்கும் வேளை வரும்வரை பொறுத்திருப்பவரே வெல்வார்.