நசுங்கிய செம்பு

ஆற்றங்கரைப் பள்ளியில் ஒரு விதி இருந்தது. காலையில் பாடம் தொடங்கும் முன் ஓர் ஊதுபத்தியை ஒடித்துப் பாதியை ஏற்றுவார்கள். அது எரிந்து முடியும்வரை பிள்ளைகள் கண்ணை மூடிப் பேசாமல் இருக்க வேண்டும்.

விதியைப் போட்டவர் குரு. அதை மீறுபவரும் அவர்தான்.

ஒருநாள் பக்கத்தில் இருக்கும் செம்பைத் தட்டிவிடுவார். ஒருநாள் ஊருக்கே கேட்பதுபோல் தும்முவார். பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். பத்தி பாதியில் இருக்கும்போதே பாடம் தொடங்கிவிடும்.

"இன்னைக்குத் தும்மலாடா, செம்பா?"

"செம்புதான். நேத்துதானே தும்மினாரு."

பிள்ளைகள் கிசுகிசுப்பது திருமேனியின் காதில் விழும். அவன் குருவின் மூத்த சீடன். தை பிறந்தால் பள்ளி அவன் பொறுப்பு என்று குரு சொல்லியிருந்தார். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

ஒருநாள் கேட்டேவிட்டான்.

"பிள்ளைகளுக்கு மௌனம் கட்டாயம் என்றால் நமக்கும் கட்டாயம்தானே, குருவே?"

"நாளை நீயே நடத்து. எனக்கு மேலூரில் வேலை இருக்கிறது" என்றார் குரு.

மறுநாள் பத்தி அடிவரை எரிந்தது. ஒரு சத்தமும் இல்லை. திருமேனிக்கு உடம்பு சிலிர்த்தது.

மதியம் குரு திரும்பியதும் வாசலுக்கே ஓடினான்.

"ஓர் இருமல்கூட இல்லை, குருவே!"

"செங்கமலம்?"

"அவளும் அசையவில்லை."

"பார்த்தாயா?"

"நான் கண்ணை மூடியிருந்தேன்."

குரு செருப்பைக்கூடக் கழற்றாமல் வகுப்புக்குள் நடந்தார். திருமேனியும் பின்னால் போனான்.

செங்கமலம் கடைசி வரிசையில் இருந்தாள். எட்டு வயது. ஐப்பசி வெள்ளத்தில் வீட்டையும் தம்பியையும் பறிகொடுத்தவள். கீழுதடு வீங்கியிருந்தது. பல் பதிந்த இடத்தில் ரத்தம் உறைந்திருந்தது.

குரு அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"தண்ணிச் சத்தம் கேட்டுச்சாம்மா?"

அவள் தலையாட்டினாள்.

"நான் கத்தலை ஐயா. கடிச்சுக்கிட்டேன். இன்னைக்கு யாருமே தும்மலை" என்றாள்.

திருமேனி வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். நெடுநேரம் கழித்துக் குரு வந்தார்.

"இந்த மௌனமே வேண்டாம், குருவே. விதியை எடுத்துவிடுவோம்."

"அவள் பக்கத்தில் இருப்பவன் யார்?"

"கொல்லர் வீட்டு வேலாயுதம்."

"அவன் வீட்டில் விடிந்தால் சம்மட்டிச் சத்தம். பொழுது சாய்ந்தால் சண்டை. அவன் எங்கே போய்ச் சும்மா உட்காருவான்?"

திருமேனிக்குக் காலையில் கண்ட ஒன்று நினைவுக்கு வந்தது. பத்தி அணைந்து எல்லோரும் புத்தகத்தைத் திறந்த பிறகும் வேலாயுதம் கண்ணைத் திறக்க மனமில்லாமல் இருந்தான். அந்த முகம் தூங்கும் குழந்தையின் முகம்போல் இருந்தது.

"அப்படியானால் செங்கமலத்தை மட்டும் அந்த நேரத்தில் வெளியே விளையாட அனுப்பலாமே?"

குரு உள்ளே போய்ச் செம்பை எடுத்து வந்தார். அதை அவன் கையில் கொடுத்தார். விழுந்து விழுந்து அதன் விளிம்பு நசுங்கிப்போயிருந்தது.

"அவளை அனுப்பினால் எல்லோரும் அவளைப் பார்ப்பார்கள், திருமேனி. செம்பு விழுந்தால் உன்னைப் பார்ப்பார்கள்."