சித்திரை மாதத்து வெந்நீர்ப் பனி

முன்னொரு காலத்தில், இந்தக் கதையில் வருகிற அத்தனை பேரும் உயிரோடு இருந்த காலத்தில், ஒரு மகாராஜாவுக்குச் சித்திரை மாத நடுப்பகலில் பனி தெரிந்தது.

எந்த நாடு என்று கேட்காதீர்கள். சொன்னால் அந்த நாட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ராஜா நல்லவர், கொஞ்சம் முன்கோபி, பெரிய மீசைக்காரர். அந்த மீசையைப் பற்றி ஒரு விஷயம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இது ஆரம்பித்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். ஒருநாள் காலையில் ராஜா உப்பரிகையில் நின்றபடி, "என்ன மந்திரியாரே, இன்று பனி அதிகமாக இருக்கிறதே" என்றார். வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. முதன்மந்திரி மழபாடியாருக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. ராஜாவின் கண்ணில் ஏதோ கோளாறு. அதைச் சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை. "ஆமாம் அரசே, கடும் பனி" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்றால், அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வருஷப் பிறப்பன்று ராஜா ஜனங்களுக்கு முன்னால் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்க வேண்டும். ஆள்கிறவருக்குக் கண்ணும் கையும் சரியாக இருக்கின்றனவா என்று ஊர் பார்த்துக்கொள்ளும். கோக்க முடியாவிட்டால், முடிகிற நாள் வரைக்கும் முத்திரை மோதிரம் ராஜாவின் தங்கை வேண்மாளிடம் போய்விடும். வேண்மாள் மலையடிவாரத்து அரண்மனையில் இருந்தாள். எந்த ஓலையையும் இரண்டு முறை படிக்காமல் தொடமாட்டாள். அவள் பேச்சை எடுத்தாலே மழபாடியார் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார். அவர் கைவசம் இருந்த ஓலைகள் அப்படிப்பட்டவை.

சொன்ன பொய்யைக் கட்டிக் காப்பாற்ற வேண்டுமே. அன்றிலிருந்து அரண்மனையில் பகலிலும் தீவட்டி எரிந்தது. அதிகாரிகள் கம்பளி போர்த்திக்கொண்டு சபைக்கு வந்தார்கள். ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, "மன்னிக்க வேண்டும், பனியில் தெரியவில்லை" என்று உரக்கச் சொன்னார்கள். ராஜாவுக்கும் ஒரு பட்டுக் கம்பளி வந்து சேர்ந்தது. "பனியில் எனக்கு ஏன் இப்படி வியர்க்கிறது?" என்று அவர் கேட்டபோது அரண்மனை வைத்தியர் கருணாகரர் முன்னால் வந்தார். "இது வெந்நீர்ப் பனி, அரசே. மிகவும் அபூர்வமான வகை" என்றார். ராஜாவுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பக்கத்து நாட்டு ராஜாவுக்கு இப்படியொரு பனி கிடையாதல்லவா.

பனியில் ஊசி கோக்க முடியுமா? சடங்கு இரண்டு வருஷமாகத் தள்ளிப் போயிற்று. பனியில் ஓலை படிக்க முடியுமா? மந்திரி படித்துச் சொல்வார், ராஜா முத்திரை வைப்பார். ஓலையில் இருந்தது ஒன்று, படித்தது ஒன்று. கோயிலுக்கு நந்தவனம் என்று படித்துக் காட்டிய ஓலையால் ஊரின் பெரிய ஏரி மந்திரியின் மைத்துனருக்குப் போய்ச் சேர்ந்தது. கரையை உடைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, உள்ளே ஏர் பூட்டிவிட்டார்கள். ராஜாவின் தேர் அந்தப் பக்கம் போகும்போது, "ஏரி ததும்புகிறது, அரசே" என்பார் மந்திரி. ராஜா சந்தோஷமாக ஏரியைப் பார்த்துக் கையசைப்பார்.

இந்தக் கூத்தையெல்லாம் ஒரே வார்த்தையில் கவிழ்த்துவிடக்கூடியவன் அரசவை விகடகவி வெண்காடன். அது மந்திரிக்குத் தெரியும். ஆகவே பனி விழுந்த மறுநாளே அவனைப் பக்கத்து நாட்டுக்கு அனுப்பிவிட்டார். அங்கே ராணி சிரித்துப் பல நாள் ஆயிற்றாம், அவளைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். அந்த அம்மாளுக்கு முன்பல் இரண்டும் இல்லை, அதனால்தான் வாயைத் திறப்பதில்லை என்று வெண்காடன் கண்டுபிடிக்க இரண்டு வருஷம் ஆயிற்று. கண்டுபிடித்ததும் அவள் காதில் ஏதோ சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் மூட்டையைக் கட்டினான்.

ஊருக்குள் நுழையும்போதே ஏரியில் மாடுகள் உழுவதைப் பார்த்தான். அரண்மனை வாசலுக்கு வந்தால் ஏரியின் மதகுக் காவலன் சடையன் சங்கிலியில் கிடக்கிறான்.

"என்ன சடையா, மதகுல இருக்க வேண்டிய ஆளு இங்க உக்காந்திருக்க?"

"மதகு எங்க சாமி இருக்கு, ஏரியே இல்ல. ராஜாகிட்ட நேர்ல சொல்லலாம்னு வந்தேன். வாசல்ல அத்தனை பேரும் கம்பளியப் போத்திக்கிட்டு நடுங்குறாங்க. எங்கய்யா பனின்னு ஒரு வார்த்தைதான் கேட்டேன்."

"அதுக்கா சங்கிலி?"

"சங்கிலி இன்னைக்கு. வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதுக்குத் தலைய எடுக்குறாங்களாம். ராஜா முத்திரை வெச்சுட்டாராம் சாமி."

வெண்காடன் அண்ணாந்து பார்த்தான். வானத்தில் ஒரு துணுக்கு மேகம்கூட இல்லை. அவனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சடையனின் முகத்தைப் பார்த்தான், சிரிப்பு போய்விட்டது.

சபையில் அவன் குரலைக் கேட்டதும் ராஜா எழுந்தேவிட்டார். "வெண்காடா, வந்துவிட்டாயா? அருகில் வா. இந்தப் பாழும் பனியில் உன் முகமே தெரியவில்லை" என்று கையை நீட்டித் துழாவினார். வெண்காடன் கிட்டே போய் நின்றான். ராஜாவின் இரண்டு கண்ணிலும் பால் ஆடை போல வெள்ளை படர்ந்திருந்தது. அவர் அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். இத்தனை பேர் சுற்றி நின்றும் இவரைத் தனியாக விட்டிருக்கிறார்களே என்று வெண்காடனுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது.

அவன் வாயைத் திறப்பதற்குள் மழபாடியார் முந்திக்கொண்டார். "அரசே, சிரிக்காத ராணியையே சிரிக்க வைத்தவர் நம் வெண்காடர். இந்தப் பனியை விரட்டுவது அவருக்கு ஒரு பெரிய காரியமா? தாங்கள் ஆணையிட்டால் போதும்."

பொறி சரியாகத்தான் வைக்கப்பட்டிருந்தது. பனி இல்லை என்றால் சடையனுக்குப் பக்கத்தில் ஒரு சங்கிலி. சரி என்றால், இல்லாத பனியை எங்கே போய் விரட்டுவது?

ராஜாவுக்கு யோசனை மிகவும் பிடித்துப்போயிற்று. "ஆம், வெண்காடா. வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதுக்குள் பனியை விரட்டு."

"விரட்டாவிட்டால் அது அரச ஆணையை மீறிய குற்றம்" என்றார் மந்திரி பணிவாக. "அதற்குத் தலைதான் தண்டனை என்பது தாங்கள் அறியாததல்ல."

ராஜா தயங்கினார். ஆனால் சபையில் வாய்விட்டுச் சொல்லியாயிற்று. மெதுவாகத் தலையசைத்தார்.

"விரட்டிவிடுகிறேன், அரசே" என்றான் வெண்காடன். "எனக்கு மூன்று உதவி வேண்டும். பனி இல்லை என்று முதலில் கண்டவன், இந்த வெள்ளிக்கிழமை தலை போகவிருக்கிற மதகுக் காவலன் சடையன். பனி போன பிறகு, அதன் இல்லாமையை அடையாளம் சொல்ல அவன் இங்கே உயிரோடு இருக்க வேண்டும். பனி விலகியதும் ஊசிச் சடங்கு நடக்க வேண்டும், அதற்கு இளவரசி வேண்மாளை வரவழைக்க வேண்டும். மூன்றாவது, நான் இன்றுதான் வந்தவன், பகைவனின் பலம் எனக்குத் தெரியாது. இரண்டு வருஷம் பனியோடு பழகியவர்கள் இவர்கள். யாருக்கு எவ்வளவு தூரம் கண் தெரிகிறது என்று ஆளுக்கொரு வார்த்தை சத்தியம் செய்து சொல்லட்டும். ஓலையில் எழுதிக்கொள்வோம்."

மூன்றும் நியாயம் என்றார் ராஜா. வேண்மாளின் பெயர் கேட்டதும் மழபாடியாரின் முகம் சுருங்கியது. ஆனால் வெள்ளிக்கிழமை இவன் தலை போகப்போகிறது, வருகிறவள் வந்துவிட்டுப் போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

"சத்தியமாகச் சொல்கிறேன். கையை நீட்டினால் என் விரல் எனக்குத் தெரிவதில்லை" என்றார் மந்திரி.

"எனக்கு மூக்கு நுனிகூடத் தெரிவதில்லை" என்றார் வைத்தியர் கருணாகரர்.

தளபதி பெரிய உடம்புக்காரர், பின்தங்குவது அவருக்குப் பிடிக்காது. "நான் கண்ணைத் திறந்திருந்தாலும் ஒன்றுதான், மூடியிருந்தாலும் ஒன்றுதான்" என்றார்.

வெண்காடன் அத்தனையையும் எழுத வைத்து, அடியில் அவரவர் கைநாட்டையும் வாங்கிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை வந்தது. மண்டபம் நிறைய ஜனம். சிங்காசனத்தில் ராஜா. பக்கத்தில் தட்டில் ஊசி, நூல், அதையே பார்த்தபடி வேண்மாள். அதிகாரிகள் கம்பளிக்குள் வெந்துகொண்டிருந்தார்கள். ஒரு தூணோரம் சடையன் சங்கிலியோடு நின்றான். முப்பது முழ நீள மண்டபத்தின் அந்தக் கோடியில் வெண்காடன் ஒரு பூக்கூடையை இறக்கி வைத்தான்.

"பனியை விரட்டும் மருந்து இதற்குள் இருக்கிறது, அரசே" என்று சொல்லி மூடியைத் திறந்தான்.

உள்ளேயிருந்து ஆளுயரத்துக்கு மேல் நீளமான ஒரு பாம்பு சத்தமில்லாமல் வழிந்து இறங்கியது. அது வெறும் சாரை. பாம்புப் பிடாரனிடம் கேட்டு வாங்கி வந்தது. அது மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்?

கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்று என்ற தளபதிதான் முதலில் தூணில் ஏறினார். மூக்கு நுனி தெரியாத வைத்தியர் மத்தள மேடையைத் தாண்டிக் குதித்தார். கம்பளிகள் தரையெல்லாம் கிடந்தன. மழபாடியார் சிங்காசனத்துக்குப் பின்னால் போய், ராஜாவை முன்னால் வைத்துக்கொண்டு குந்திக்கொண்டார். ஜனம் சுவரோடு ஒட்டிக்கொண்டது. வேண்மாளுக்கு மூச்சே நின்றுவிட்டது, வாய் திறந்ததே தவிரக் குரல் வரவில்லை.

பாம்பு நேராகச் சிங்காசனத்தை நோக்கிப் போயிற்று.

ராஜா புன்னகையோடு உட்கார்ந்திருந்தார். "என்ன ஓட்டம் அது? பனி விலகுகிறதா?" என்றார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. அதிகாரிகளில் ஒருவராவது வாய் திறப்பார் என்றுதான் வெண்காடன் நினைத்திருந்தான். அவ்வளவு கல்நெஞ்சக்காரர்களாக இருப்பார்கள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. விஷமில்லாத பாம்புதான் என்றாலும் அதைப் பிடிக்கத் தானே ஓடப் பார்த்தான். அந்த நேரத்தில் தூணோரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மகாராஜா, கால மேல தூக்கிக்குங்க. பாம்பு வருது."

ராஜா இரண்டு காலையும் சிங்காசனத்தின் மேல் வைத்துக்கொண்டார். சடையன் சங்கிலி கலகலக்க வந்து, குனிந்து, வாலைப் பிடித்துத் தூக்கினான். "பயப்படாதீங்க சாமி, சாரைதான். மதகுல தினம் நாலு பாக்குறதுதான்."

சபை மூச்சுவிட்டது. ராஜா மட்டும் அசையவில்லை.

"வெண்காடா, பாம்பு எங்கே இருந்தது?"

"அந்தக் கோடியில், அரசே. முப்பது முழத்துக்கு அப்பால்."

"இவர்கள் எப்போது ஓடினார்கள்?"

"நான் மூடியை எடுத்த உடனே."

ராஜா தம் கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்து வெகுநேரம் பார்த்தார். "ஆக, பனி இல்லை" என்றார்.

"வெளியே இல்லை, அரசே. தங்கள் கண்ணில் படலம் விழுந்திருக்கிறது. அதை மறைத்து இவர்கள் ஏரிக்கரையை உடைத்து, தண்ணீரை வடித்து, உள்ளே ஏர் பூட்டிவிட்டார்கள். என்னை விரட்டச் சொன்னீர்களே, அந்தப் பனி அதோ தூண் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது."

தளபதி தூணிலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கினார். மழபாடியார் சிங்காசனத்தின் பின்னாலிருந்து எழுந்து, "எல்லாம் தங்கள் மனம் நோகக்கூடாது என்றுதான்..." என்று ஆரம்பித்தார்.

"மந்திரியாரே, கண் போனதற்கு நான் யாரையும் கோபித்துக்கொள்ள முடியாது" என்றார் ராஜா. "ஆனால் பாம்பு வருகிறது என்று நீங்கள் ஒருவர்கூட எனக்குச் சொல்லவில்லை. நீங்கள் கொல்லச் சொன்ன மனிதன் சொன்னான்."

வெண்காடன் ஓலையை விரித்தான். "அரசே, இவர்கள் கண் தெரியாதவர்கள் என்று சத்தியம் செய்திருக்கிறார்கள். அது உண்மையா என்று பார்க்க ஊசி தயாராக இருக்கிறது. கோத்துவிட்டால் அரச சபையில் பொய்ச் சத்தியம் செய்தவர்கள், தலை போகும். கோக்காவிட்டால் பதவியில் இருக்க லாயக்கற்றவர்கள். எது வசதியோ, அவர்களே செய்துகொள்ளட்டும்."

மழபாடியார் ஊசியை வாங்கினார். அதன் காதை நன்றாகப் பார்த்து, அதைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் நூலைக் குத்தினார். கருணாகரர் தம் கட்டைவிரலிலேயே குத்திக்கொண்டார். தளபதி, தப்பித்தவறிக்கூட நுழைந்துவிடக் கூடாதென்று கண்ணை இறுக மூடிக்கொண்டு குத்தினார். பாவம், நூல் நேராகப் போய் நுழைந்துவிட்டது. ஜனம் கொல்லென்று சிரித்தது. என்ன நடந்தது என்று வேண்மாள் ராஜாவின் காதில் சொன்னதும் அவர் உதட்டிலும் சிரிப்பு துடித்தது.

"யார் தலையும் வேண்டாம்" என்றார் ராஜா. "கண் தெரியாதவருக்குப் பதவியில்லை. இந்த நாட்டு வழக்கம் எனக்கும் இவர்களுக்கும் ஒன்றுதான்." விரலிலிருந்து முத்திரை மோதிரத்தைக் கழற்றி, தடவித் தடவித் தங்கையின் கையில் வைத்தார். "இவர்கள் மூவரும் ஏரிக்கரைக்கு மண் சுமக்கட்டும். சடையன் வேலை வாங்குவான். கம்பளியைக் கழற்றக் கூடாது. வெந்நீர்ப் பனி உடம்புக்கு ஆகாதல்லவா."

வேண்மாள் அன்று முதலில் படித்த ஓலை சடையனின் தலையைப் பற்றியது. இரண்டு முறை படித்துவிட்டுக் கிழித்தாள். படலம் விலக்குகிற வைத்தியர் உண்டா என்று கருணாகரரைக் கேட்டாள். "மூன்று நாள் பயணத்தில் ஒருவர் இருக்கிறார், இளவரசி" என்றார் அவர் தலையைக் குனிந்துகொண்டு. இரண்டு வருஷமாகவே அது அவருக்குத் தெரியும். உடனே ஆள் போயிற்று.

"வெண்காடா" என்றார் ராஜா, "உன் பரிசைத் தருவதற்கு முன் ஒன்று சொல். வேறு எதையெல்லாம் என்னிடம் மறைத்திருக்கிறார்கள்?"

சபையில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"மீசை, அரசே" என்றான் வெண்காடன்.

ராஜா பதறிப்போய்த் தடவிப் பார்த்தார். "இருக்கிறதே."

"இருக்கிறது. நிறம்தான் நீலம். நாவிதர் மருதாணியை மறந்துவிட்டு வெறும் அவுரிச் சாயத்தை மட்டும் பூசி வந்திருக்கிறார். மயில் கழுத்து மாதிரி நல்ல பளபளப்பு."

"எத்தனை நாளாக?"

"நான் புதிதாக வந்தவன், அரசே. சடையா, எத்தனை நாளா?"

"ரெண்டு பொங்கல் ஆச்சு சாமி" என்றான் சடையன்.

ராஜா மீசையின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்க, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். நீல மீசையோடு தேரில் போய், வறண்ட ஏரிக்குக் கையசைத்ததை நினைத்து நினைத்துச் சிரித்தார். பட்டுக் கம்பளியைத் தூக்கி எறிந்துவிட்டு, கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி எதிரே நின்றவனை நோக்கி நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது.

"சடையா, இது வெண்காடன்தானே?"

"அவருதான் மகாராஜா" என்றான் சடையன். அதற்குப் பிறகுதான் ராஜா மாலையைப் போட்டார்.