இவனுமா விடவில்லை

என் இடுப்புக் கச்சையைப் பிடித்திருந்த கையை அரசர் எடுத்துவிட்டார். அடுத்த நொடியே மந்திரி நாகதேவரும் எடுத்துவிட்டார். சுற்றிலும் பனி. பாலில் விழுந்த எறும்பு மாதிரி வெள்ளைக்குள் நிற்கிறேன். அழுகை வருகிறது. ஆனால் அரசவையைச் சிரிக்க வைப்பதுதான் என் வேலை. பதினாறு வயதில் அந்த வேலைக்கு வந்த தத்தன் அழக்கூடாது.

பனி எங்கள் நாட்டை விட்டு விலகுவதே இல்லை. அரசரின் கனவில் சூரியன் வந்து, "என்னை வந்து பார்" என்றதாம். விழித்ததும் அரசவை மொத்தத்தையும் கூட்டிக்கொண்டு கிழக்கே புறப்பட்டுவிட்டார்.

அந்தப் பனியில் அவரவர் கால் அவரவருக்கே தெரியாது. அதனால் வரிசையாக நடந்தோம். வலக்கை முன்னால் போகிறவர் கச்சையில், இடக்கை பின்னால் வருகிறவர் கச்சையில். முதலில் நடக்கும் அரசரின் வலக்கை மட்டும் சும்மா இருக்கும். நடுவில் யாராவது புதிதாக நுழைந்தால், முதலில் அவர் இருபக்கமும் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகுதான் இருபக்கத்தாரும் பழைய பிடியை விட்டு அவரைப் பிடிக்கலாம். ஒருமுறை அவசரப்பட்டு முதலிலேயே விட்டதில் சமையற்காரர்கள் அத்தனை பேரும் பனிக்குள் மிதந்து போனார்கள். அன்றிலிருந்து அவல்தான்.

அரசருக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் முரசடிக்கும் எயினன். அவனுக்குப் பின்னால் மந்திரி. எயினனின் கைகள் பிடியில் இருந்ததால், விரல்களாலேயே என் கச்சையில் தாளம் போட்டுக்கொண்டு வருவான். அரசரை ஒட்டி நடக்கத் துடித்த மந்திரிக்கு நடுவில் நாங்கள் இருவரும் இடைஞ்சல்.

"அரசே, இவன் தாளத்துல நடந்துக்கிட்டே தூங்க முடியல" என்றார் மந்திரி. அரசர் எயினனை நீக்கச் சொன்னார். நானும் மந்திரியும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அவனை விட்டோம். நீக்கப்பட்டவன், அரசர் கேட்டாலொழிய வாய் திறக்கக்கூடாது. எயினனை யாரும் கேட்கவில்லை.

அடுத்தது என் முறை.

"இவன் ஜோக்குக்கு எல்லாரும் குலுங்கிச் சிரிக்கிறாங்க அரசே. பிடி நழுவுது."

அரசர் முழங்கினார்: "தத்தனை முன்னவரும் பின்னவரும் விடுக. அவ்விருவரும் ஒருவரையொருவர் பற்றுக."

விட்டார்கள், பற்றினார்கள், நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் அரசருக்கு மனசு கேட்கவில்லை.

"தத்தா, போயிட்டியா?"

"போயிட்டேன் அரசே."

"குரல் பக்கத்துலயே கேக்குதே?"

"தலையிலேருந்து எண்ணிப் பாருங்க, வாலிலேருந்து எண்ணிப் பாருங்க. கணக்குல நான் வரவே மாட்டேன்."

மந்திரி தன் இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு அலறினார்: "இவனுமா விடல?"

"என்னை விடச் சொல்லி உங்களுக்குத்தானே கட்டளை, மந்திரியாரே. என் கைகளுக்கு யாரும் ஒண்ணும் சொல்லலையே."

அரசர் தன் கச்சையைத் தொட்டுப் பார்த்தார். என் வலக்கை அங்கேயே இருந்தது. அவர் சிரித்த சிரிப்பில் பனி சுருள் சுருளாக எழுந்தது. "இடம் மறக்காத பயல். நீரும் நானும் ஆளுக்கு ஒரு கையை மாத்தினா போதும் நாகதேவரே, உள்ள வந்துடுவான்" என்றார். மாற்றினார்கள். அரசர் தன் முத்துமாலையைக் கழற்றி, என் முகத்தைத் தடவி நான்தான் என்று உறுதிசெய்து, என் கழுத்தில் போட்டார். சிரிப்பு அடங்காமலேயே சட்டத்தையும் திருத்தினார்: "இனி நீக்கப்படுபவர் தம் கைகளையும் விடுக."

எல்லோரும் என் புத்தியை மெச்சுகிறார்கள். புத்தியெல்லாம் இல்லை. பயத்தில் கை திறக்கவில்லை, அவ்வளவுதான்.

அரசரும் மந்திரியும் என்னை விட்ட அந்த நேரத்தில், என் கச்சை வெறுமையாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. மூன்றாவதாக ஒரு கை அங்கே இருந்தது. அதன் விரல்கள் மெதுவாகத் தாளம் போட்டன. இப்போதும் போடுகின்றன. எயினனும் பயந்தவன்தான் போலிருக்கிறது. அவனுடைய மறு கை மந்திரியின் கச்சையில்தான் இருக்க வேண்டும். அதனால்தான் அவர் "இவனா" என்று கேட்கவில்லை, "இவனுமா" என்று கேட்டார்.

அரசரிடம் சொன்னால் அவர் எயினனை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். புதுச் சட்டப்படி, விடச் சொல்லவும் செய்யலாம். மந்திரியும் வாய் திறக்கவில்லை. அரசர் எந்தப் பக்கம் சாய்வார் என்று அவருக்கும் தெரியாது போல.

கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. தாளம் நேற்றைவிடத் தளர்ந்திருக்கிறது. நான் சொல்வதா, வேண்டாமா?