சுகருக்கு நல்லது

"சார், பொய் சொல்லலாமா?"

அஞ்சுகம் கேட்டா. தாவரவியல் வாத்தியாரு சகாயம் சார் டேபிள் ரோஸ் தொட்டிக்குத் தண்ணி ஊத்திட்டு இருந்தாரு.

"யாருகிட்ட?"

"ஃபெல்லோஷிப் கமிட்டிகிட்ட. அழியப்போற செடியக் காப்பாத்துற ஆராய்ச்சிக்குப் பணம் தர்றவங்களே, என் செடியால என்ன பயன்னு கேக்குறாங்க. போன வருஷம் ஒன்னுமில்லன்னு சொன்னேன். ஒன்னுமில்லாததுக்கு எதுக்கும்மா பணம்னு அனுப்பிட்டாங்க."

"நெசமாவே ஒன்னுமில்லையா?"

"மாடு திங்காது. வாசம் கெடையாது. பூவத் தலையில வெச்சா கண்ணாடி பாக்குறதுக்குள்ள வாடிரும். ஒரே ஒரு மலையில, ஒரே ஒரு பாறையிலதான் இருக்கு. ஊருல அதுக்குப் பேருகூட வெக்கல சார். திட்டுறதுக்காவது ஒரு பேரு வேணாமா?"

சார் சிரிக்கல.

"இந்த வருஷம் விட்டா எனக்கு வயசு தாண்டிரும். அப்புறம் எங்கண்ணன் மொபைல் கடையில ஸ்க்ரீன் கார்டு ஒட்டிட்டு ஒக்கார வேண்டியதுதான். அதான், சுகருக்கு நல்லதுன்னு சொல்லிரலாம்னு இருக்கேன். யாரு போய் பாக்கப்போறா?"

சார் சொம்பக் கீழ வெச்சாரு. தொட்டியத் தூக்கிட்டு நடந்தாரு. அஞ்சுகம் பின்னாடியே ஓடுனா.

காலேஜ் கேட்டுக்கு எதுத்தாப்ல டீக்கடை. தொட்டிய பெஞ்சு மேல வெச்சாரு.

"என்ன சார், தொட்டிக்கும் ஒரு டீ போடவா?" டீ மாஸ்டர் கேட்டாரு.

"இது சுகருக்கு நல்லதாம்."

அவ்ளோதான் சொன்னாரு. ரெண்டு டீ வாங்கி, ஒன்ன அவகிட்ட நீட்டுனாரு.

டீ மாஸ்டர் ஒரு இலையக் கிள்ளி மோந்து பாத்தாரு. "இதத் தின்னுட்டு மூணு ஸ்பூன் சக்கரை போட்டுக்கலாமா சார்?"

ஆட்டோக்காரரு ஒருத்தரு ஒரு கொத்து ஒடிச்சாரு. எங்கம்மாவுக்குன்னாரு. பக்கத்துக் கடையில பூ வாங்க வந்த அக்கா மாமியாருக்குன்னு ஒரு கைப்பிடி அள்ளுச்சு. வாட்ச்மேன் வேரோட புடுங்குனாரு. யாரோ போட்டோ எடுத்து குடும்ப குரூப்ல போட, அதப் பாத்துட்டு பைக்ல ஒரு ஜோடி, கையில பையோட, வந்து எறங்குச்சு.

டம்ளரத் திருப்பிக் குடுக்கும்போது தொட்டியில மண்ணுதான் மிச்சம்.

"மண்ண எடுத்துக்கட்டுமா சார்?" ஒருத்தரு கேட்டாரு. "சத்து எறங்கியிருக்கும்ல?"

அஞ்சுகம் வாயப் பொளந்து நின்னா.

"சார், அது வெறும் டேபிள் ரோஸ் சார்."

"ம்."

"அதுக்கும் சுகருக்கும் என்ன சார் சம்பந்தம்?"

சார் காலித் தொட்டிய அவ கையில குடுத்துட்டுப் போயிட்டாரு.

மறுவாரம் இன்டர்வியூ. கமிட்டித் தலைவரு செடியோட போட்டோவக் கையில எடுத்தாரு.

"பயன்?"

"இல்லீங்க சார்."

"யோசிச்சுச் சொல்லும்மா. மார்க்கெல்லாம் அருமையா இருக்கு. இந்த ஒரு எடம்தான் காலி. ஏதாவது மருந்துக் குணம்? சுகருக்கு?"

பக்கத்துல இருந்த மேடம் கையெழுத்துப் போட பேனாவத் தொறந்துட்டாங்க.

தலைவரு கொரலத் தாழ்த்துனாரு. "எனக்கே இருக்கு, அதான் கேக்குறேன். எந்த மலைன்னு எழுதாம விட்டிருக்கியே?"

'ஆமா'ன்னு ஒரு வார்த்தை. அவ நாக்கு நுனியில ஒக்காந்திருந்துச்சு.

அஞ்சுகம் எந்திரிச்சு, அவரு கையில இருந்த போட்டோவ மெதுவா உருவிக்கிட்டா.

"தின்னா சுகர் ஏறும் சார்."

மேடம் பேனாவ மூடுனாங்க.

அவ காலேஜுக்குத் திரும்பி வந்தப்ப, சார் அதே தொட்டியில டேபிள் ரோஸ் தண்டு ஒன்ன ஊனிட்டு இருந்தாரு. நிமிர்ந்து பாக்கல.

"கெடச்சுதாம்மா?"

"இல்ல சார்."

போட்டோவ பேக்குல வெச்சு ஜிப்ப இழுத்தா.

"அவங்களுக்கும் கெடைக்கல."