மூடியில் ஒட்டிய பெயர்கள்

மடத்து உக்கிராண அறையில் இருபத்து மூன்று பீங்கான் ஜாடிகள் தரையில் வரிசையாக இருந்தன. அத்தனையிலும் ஊறுகாய். பெயர்ச் சீட்டு ஒட்டும் வேலை குலசேகரனுக்கு. நூலகத்தில் முப்பது வருஷம் புத்தகங்களுக்கு எண் ஒட்டி ஓய்வு பெற்றவர். பழைய காலண்டர் தாளை வெட்டினார். கஞ்சிப் பசை காய்ச்சினார். முழங்கால் வலியால் குனிந்து படிக்க முடியாது என்பதால், சீட்டுகளை ஜாடியில் ஒட்டாமல் மூடியில் ஒட்டினார். நின்றபடியே படிக்கலாம்.

வெள்ளிக்கிழமை ஜாடிகள் வெயிலுக்குப் போயின. மூடிகளைக் கழற்றி ஒரு கூடையில் போட்டு, ஜாடிகளின் வாயில் வெள்ளைத் துணி கட்டினார். சாயங்காலம் ஜாடிகள் உள்ளே வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. எல்லா மூடியும் ஒரே அளவு.

கூடையோடு நின்றுகொண்டிருந்தபோது மடத்துத் தலைவி அங்கயற்கண்ணி அம்மா வந்தார். குலசேகரனுக்குக் குரு, பதினைந்து வயது இளையவர்.

"நாளைக்குக் குருபூஜைப் பந்திக்கு ரெண்டு வருஷத்து எலுமிச்சை வேணும். எது ஐயா?"

குலசேகரன் கூடையைக் காட்டினார். "பேரெல்லாம் இதுல இருக்கும்மா."

"ஊறுகாய்?"

"அந்த ஜாடிகள்ல."

"ரெண்டும் பத்திரமாத்தானே இருக்கு?"

கேலியா, ஆறுதலா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

சமையல்காரர் பேச்சிமுத்து வாசலில் வந்து நின்றார். "ஏன் சார், லைப்ரரியில நம்பரைப் புஸ்தகத்துல ஒட்டுனீங்களா, அலமாரிக் கதவுல ஒட்டுனீங்களா?"

குலசேகரன் ஜாடிகள் பக்கம் திரும்பினார். துணியை அவிழ்த்துப் பார்த்தால் காய் தெரியும். ஆனால் எலுமிச்சையே மூன்று ஜாடி, மூன்று வெவ்வேறு வருஷத்தில் போட்டது. வெயிலுக்குப் போய் வந்ததில் வரிசையும் கலைந்திருந்தது.

அம்மா அந்த மூன்றையும் திறந்து, முதல் ஜாடியிலிருந்து ஒரு துண்டைக் குலசேகரனின் உள்ளங்கையில் வைத்தார்.

"எத்தனை வருஷம்?"

மென்றார். "தெரியலம்மா."

"இது?"

"இதுவும் எலுமிச்சைதான்."

"அது சரி. எழுதினப்ப எப்படித் தெரிஞ்சது?"

"பேச்சிமுத்து சொன்னார். எழுதினேன்."

மூன்றாவது ஜாடியிலிருந்து அம்மா தானே ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை இடுக்கினார். "இதுதான். தனியா எடுத்து வைங்க."

எப்படிக் கண்டுபிடித்தார் என்று குலசேகரனுக்கு விளங்கவில்லை. அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று அவருக்குள் மூன்று வருஷமாக இருந்தது. குருபூஜையன்றுதான் மடத்தில் தீட்சைப் பெயர் தருவார்கள். அவருக்குப் பின்னால் வந்த நான்கு பேர் வாங்கிவிட்டார்கள். இன்று கேட்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தார். வாய் கேட்டுவிட்டது.

"அம்மா, நாளைக்கு எனக்குப் பேர் உண்டா?"

பேச்சிமுத்து சத்தமில்லாமல் நகர்ந்துகொண்டார்.

அம்மா கூடையிலிருந்து ஒரு மூடியை எடுத்தார். சீட்டைப் படித்தார். கையெழுத்து அச்சு மாதிரி இருந்தது. திரும்பக் கூடையிலேயே போட்டார்.

"நீங்க வந்த வருஷமே பேர் எழுதி வச்சாச்சு."

"அப்புறம் ஏன் தரலை?"

"எங்கே ஒட்டறதுன்னு நீங்கதான் சொல்லணும்."

குலசேகரனின் கை தலையை நோக்கி உயர்ந்தது. பாதியில் நின்றது. நெஞ்சுப் பக்கம் இறங்கி, அங்கேயும் தொடாமல், கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.