நெட் பெட்டி வாயை மூடிக்கொண்ட கதை

அந்தக் காலத்தில், காக்கையும் நரியும் பேசி ஓய்ந்த பிறகு, பேசுகிற முறை நெட் பெட்டிகளுக்கு வந்திருந்தது. அலுவலகங்களில் பீரோ மேலே உட்கார்ந்திருக்குமே, அந்தப் பெட்டியைத்தான் சொல்கிறேன். நெட் வரவில்லை என்றால் யாரும் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. என்ன செய்கிறது உனக்கு என்று கேட்டால் போதும், அதுவே சொல்லிவிடும். இத்தனை வசதியும் எப்படிக் கைவிட்டுப் போனது என்பதுதான் கதை.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் பொன்னுத்துரை அண்ணாச்சி ஒரு சின்ன அலுவலகம் நடத்தினார். ஊராரின் சரக்கு கப்பல் ஏறுவதற்கான காகிதங்களை ஸ்கேன் செய்து நெட்டில் அனுப்புவதுதான் தொழில். அவருக்குக் கீழே கொம்பையா, ஜெனோவா என்று இரண்டு பேர். அப்புறம் பெட்டி. அதற்குச் சம்பளம் கிடையாதே தவிர, வாய் மற்ற மூன்று பேருக்கும் சேர்த்து இருந்தது.

பொய் சொல்லத் தெரியாத பெட்டி அது. நெட் விட்டு விட்டு வந்தால், பின்னால் ஒயர் ஆடுகிறது, அழுத்திச் செருகுங்கள் என்னும். மழைக்காலத்தில் அடிக்கடி அறுந்தபோது, என்மேல் தப்பில்லை, தெருமுனைக் கம்பத்தில் தண்ணீர் இறங்கியிருக்கிறது, லைன்மேனைக் கூப்பிடுங்கள் என்றது. ஒருமுறை யாரோ அதைப் பீரோவுக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். இவ்வளவு இரும்பைத் தாண்டி உள்ளறைக்கு நான் எப்படிப் போவேன் என்று கோபித்துக்கொண்டது. எடுத்து மேலே வைத்த பிறகுதான் சமாதானமானது.

ஆனால் உண்மையை எதுவரை சொல்லலாம் என்பது அதற்குத் தெரியாது. ஒரு நாள் நெட் ஊர்ந்தபோது அண்ணாச்சி காரணம் கேட்டார். கொம்பையா கபடி பார்க்கிறார் என்று, ஸ்கோரையும் சேர்த்துச் சொல்லிவிட்டது. கொம்பையா அன்று பொழுது சாயும்வரை தலையைத் தூக்கவில்லை. அண்ணாச்சி அப்போதே உத்தரவு போட்டார். இனிமேல் ஆபீஸ் நெட்டில் சொந்த வேலை பார்ப்பது யாராக இருந்தாலும் அன்றோடு வீட்டுக்குப் போய்விடலாம். அவர் சொன்னால் சொன்னதுதான்.

அதற்குப் பிறகும் தினமும் சாயங்கால டீ நேரத்தில் நெட் படுத்துக்கொண்டது. அந்த நேரத்தில் அண்ணாச்சி துறைமுகத்தில் இருப்பார். கொம்பையாவுக்கோ, நெட் நின்றால் டீக்கடைக்குப் போக ஒரு சாக்கு. அதனால் யாரும் பெட்டியைக் கேட்கவில்லை.

காரணம் ஜெனோவா. அவளுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். கணவன் கிளாட்வின் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்த்தான். பிறவியிலேயே அவனுக்குக் காது கேட்காது. இருவரும் கைகளால்தான் பேசிக்கொள்வார்கள், அதற்கு வீடியோ வேண்டும். எழுதி அனுப்பலாமே என்பீர்கள். புதிதாகக் கல்யாணமானவர்களிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். அவனுக்கு ஓய்வு டீ நேரத்தில் மட்டும். அவள் ஃபைல் எடுக்கிற பாவனையில் உள்ளறைக்குப் போவாள். அங்கே செல்போன் சிக்னல் எட்டாது, ஆபீஸ் நெட்தான் எட்டும்.

சத்தமே இல்லாமல் இத்தனை பேச்சா என்று பெட்டி முதலில் திகைத்தது. நாளாக ஆக விரல்களின் அர்த்தம் அதற்குப் பிடிபட்டது. அவன் கேலி செய்வான், அவள் முறைப்பாள், பிறகு இருவரும் சிரிப்பார்கள். சீக்கிரம் அவனை ஊருக்கு வரவழைத்து ஒரு தையல் கடை போட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. ஜெனோவாவின் வேலையை நம்பித்தான் அந்த ஆசை இருந்தது. தன் வழியாகப் போனதிலேயே நல்ல பேச்சு இதுதான் என்று பெட்டி சந்தோஷப்பட்டது.

ஒரு நாள் அண்ணாச்சி துறைமுகத்துக்குப் போகவில்லை. ஓர் உப்பு வியாபாரியின் சரக்குக்குக் காகிதம் உடனே போயாக வேண்டும், இல்லாவிட்டால் கப்பல் கிளம்பிவிடும். கிளாட்வின் காத்திருப்பானே என்று ஜெனோவா அன்றும் உள்ளறைக்குப் போனாள், சரியாக டீ நேரத்தில் காகிதம் நகராமல் நின்றது. அண்ணாச்சி ஒயரைக் கழற்றிச் செருகினார். கம்ப்யூட்டரை நேராகப் பெட்டியோடு இணைத்துப் பார்த்தார். லைன்மேனுக்குப் போன் போட்டார். பெட்டி வரைக்கும் லைன் சுத்தம் என்று அவர் சொல்லிவிட்டார்.

அண்ணாச்சி பீரோவுக்கு முன்னால் வந்து நின்றார். "ஒயரு நல்லாருக்கு, லைனு நல்லாருக்கு. அப்ப உள்ள யாரோ நெட்ட இழுக்காவ. யாருன்னு சொல்லிரு."

கொம்பையா முந்திக்கொண்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். உள்ளறை வாசலில் ஜெனோவா நின்றாள். அவள் கையில் போன், அதில் கிளாட்வின் ஒன்றும் அறியாமல் ஏதோ வேடிக்கை சொல்லிக்கொண்டிருந்தான். போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

பெட்டிக்கும் பயமாக இருந்தது. பொய் அதற்கு வராது. உண்மையைச் சொன்னால் அந்தப் பெண் இன்றோடு வெளியே. அப்போதுதான், பேசாமலும் இருக்கலாம் என்று முதல்முதலாக அதற்குத் தோன்றியது. வாயை இறுக மூடிக்கொண்டது.

அண்ணாச்சி மறுபடி கேட்டார். தலையில் தட்டிக் கேட்டார். "எனக்கே வாய மூடுதியோ" என்று பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கோபம் ஆற டீக்கடைக்கு நடந்தார். உள்ளே வீடியோவும் அறுந்தது. அவர் திரும்பி வந்து பிளக்கை மாட்டியபோது, திருப்பூரில் மணி அடித்து, கிளாட்வின் தையல் மெஷினுக்குப் போய்விட்டிருந்தான். காகிதங்கள் மடமடவென்று போய்ச் சேர்ந்தன, உப்பும் கப்பலேறியது.

"பாத்தியா கொம்பையா," என்றார் அண்ணாச்சி, "புடுங்கி மாட்டுனா தன்னால வழிக்கு வருது." இழுத்தது யார் என்பதே அவருக்கு மறந்துபோனது. இந்த வைத்தியத்தை அந்தச் சாலையில் இருந்த எல்லாக் கடைக்கும் போய்ப் பெருமையாகச் சொன்னார். மற்றப் பெட்டிகளும் நடந்ததைக் கேள்விப்பட்டு வாயை மூடிக்கொண்டன.

ஒருமுறை வாயைத் திறந்தால் அந்தக் கேள்வி திரும்ப வரும் என்று பெட்டிக்குத் தெரியும். ஆனால் பேசிப் பழகியதற்குச் சும்மா இருக்கவும் முடியவில்லை. கிளாட்வினின் விரல்களை நினைத்துக்கொண்டு, முகத்தில் சின்னதாக ஒரு பச்சை வெளிச்சத்தை ஏற்றி இறக்கியது. என்னமோ மினுக்குகிறது என்று கொம்பையா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அதுவும் சத்தமில்லாத பேச்சுதான் என்று ஜெனோவாவுக்குப் பார்த்தவுடன் புரிந்தது. யாரும் கவனிக்காதபோது பீரோவின் கீழே நின்று, கையால் நன்றி சொன்னாள். மறுநாளிலிருந்து டீ நேரத்துக்கு முன்பே எல்லாக் காகிதத்தையும் அனுப்பி முடித்துவிடுவாள்.

அன்று முதல்தான், நெட் நின்றால் நாம் காரணம் கேட்காமல் பிளக்கைப் பிடுங்கி மாட்டுகிறோம். நம் எல்லாரைப் பற்றியும் எல்லாம் தெரிந்த பெட்டியும், ஒருவரையும் காட்டிக்கொடுக்காமல் கண்ணை மட்டும் சிமிட்டிக்கொண்டிருக்கிறது.