செல்லாயி போட்ட மண்கூரை

இந்தக் கதையைப் பிசகிச் சொன்னால், சொன்னவர் வீட்டு நிலைக்கதவு அரித்துப்போகும் என்றொரு பயம் உண்டு. அதனால் மெதுவாகத்தான் சொல்ல வேண்டும். எங்காவது ஒன்று முன்பின்னாகிவிட்டால் கறையான்கள் பொறுத்துக்கொள்ளட்டும். கதை அவர்களுடையது.

மரமும் மண்ணும் எறும்பும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், செத்தது எதுவும் மக்காது. உதிர்ந்த இலை உதிர்ந்தபடியே கிடக்கும். விழுந்த மரம் விழுந்தபடியே கிடக்கும். செத்ததைத் தொட்டால் குற்றம் என்று காட்டில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. அதற்குக் கட்டெறும்புகள் காவல்.

அந்த மலையடிக் காட்டில் செல்லாயி என்றொரு கறையான் இருந்தாள். வயது பாதிதான் ஆகியிருந்தது. கவலையில் மட்டும் கிழவி. மேகம் வந்தால் பிள்ளைகள் நனைந்துவிடுமோ என்பாள். மேகம் போனால் காய்ந்துவிடுமோ என்பாள். அவள் கவலையிலும் நியாயம் இருந்தது. கறையானுக்குத் தோல் மெல்லிசு. கொஞ்ச நேரம் வெயில் பட்டாலே சுருண்டுவிடும். அப்போது புற்றும் கிடையாது, கூரையும் கிடையாது. அவள் குடியிருந்த இடத்தில் முளைத்திருந்த இலுப்பைக் கன்றின் இரண்டு இலைகள்தாம் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் நிழல்.

ஒரு நாள் காலையில் பார்த்தால் அந்தக் கன்று மஞ்சள் பூத்துத் தலை சாய்ந்து நின்றது.

"என்னடா கண்ணு, மேலுக்கு முடியலையா?"

"பசிக்குது அத்தை," என்றது கன்று. "எந்தப் பக்கம் வேரை விட்டாலும் ஒண்ணும் அகப்படலை."

செல்லாயி குனிந்து மண்ணிடம் கேட்டாள். "ஏன் ஆத்தா, பச்சைப்பிள்ளைக்குக்கூடவா இல்லைன்னு சொல்லுவே?"

"இருந்தாத்தானே குடுக்க?" மண்ணின் குரல் உமியைப்போல் உலர்ந்திருந்தது. "அதோ விழுந்து கிடக்கானே பெரிய இலுப்பை, இதோட அப்பன். நூறு வருசம் எங்கிட்டே வாங்கி வாங்கித் தின்னு வளர்ந்தான். என் சத்து அம்புட்டும் அவன் உடம்புலதான் இருக்கு. விழுந்து மூணு மழை ஆச்சு, ஒரு துணுக்கு எனக்குத் திரும்பி வரலை. பூட்டின குதிர் மாதிரி கிடக்கான். நெல்லு உள்ளே, பசி வெளியே."

"அதை யாரு திறக்கிறது?"

"பல்லு இருக்கிறவங்க திறக்கணும்."

செல்லாயி சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். அந்தக் காட்டில் மரத்தை அரிக்கிற பல் அவளுக்குத்தான் இருந்தது. அதுவரை அதை வைத்துப் பட்டையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தாள்.

"என்னால ஆகாது ஆத்தா. எறும்பு நாட்டாமை என்னை உயிரோட விடமாட்டாரு."

"உன் இஷ்டம். பிள்ளை இன்னும் பத்து நாள் தாங்கும்."

அந்தப் பத்தில் ஆறு நாளைச் செல்லாயி கவலைப்பட்டே கழித்தாள். ஏழாம் நாள் கன்றின் ஓர் இலை உதிர்ந்தது. இலை இருந்த இடத்து வெயில் நேராக அவள் கடைக்குட்டியின் முதுகில் விழுந்தது. "அம்மா, சுடுது" என்று அது துடித்தது. பிள்ளையை இழுத்து, மிச்சமிருந்த ஒற்றை இலையின் கீழ் விட்டாள். அதற்குமேல் அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

வெயில் தாழ்ந்ததும் பெரிய இலுப்பையின் அடியில் போய் நின்றாள். "அண்ணே, மன்னிச்சுக்கங்க. உங்க பிள்ளைக்காகத்தான்" என்றாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு கடி கடித்தாள்.

கடித்தாளே தவிர விழுங்கத் தைரியம் வரவில்லை. துப்பவும் பயம், எறும்பு பார்த்துவிட்டால்? வாயில் அடக்கியபடி ஓடிவந்து, கன்றின் காலடியில் குழி பறித்து அதற்குள் துப்பி, எச்சில் குழைத்த மண்ணால் மூடினாள். பிறகு இன்னொரு வாய். அதையும் ஒளித்தாள். இருட்டும்வரை திருடியைப்போல் நடந்தாள்.

ஒன்பதாம் நாள் குழியைத் திறந்து பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஒளித்து வைத்த மரத்தூள் முழுக்க வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது.

"போச்சு ஆத்தா! எல்லாம் ஊசிப்போச்சு. அண்ணன் உடம்பையும் கெடுத்து, உனக்கும் உதவாம ஆக்கிட்டேனே!"

மண் சிரித்தது. அது சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. "அடி பைத்தியக்காரி, ஊசினாத்தான்டி எனக்கு இறங்கும். கீழே தொட்டுப் பாரு."

தொட்டாள். பூஞ்சைக்கு அடியில் மண் கறுத்து, குளிர்ந்து, பிசுபிசுவென்று இருந்தது. கன்றின் வேர் ஒன்று அதற்குள் மூக்கை நுழைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. பத்தாம் நாள் காலையில் கன்றின் நுனியில் நகக்கண் அளவுக்குச் செக்கச்செவேலென்று ஒரு தளிர் எட்டிப் பார்த்தது.

அதைப் பார்த்துக் கைதட்டிய பிள்ளைகளின் சத்தத்துக்குத்தான் எறும்பு நாட்டாமை வந்தார். பின்னால் நாற்பது ஆட்கள்.

"என்ன செல்லாயி, மீசையில மரத்தூள்?"

"அது... மாவு இடிச்சேன்."

"மாவு இடிக்க உனக்கு ஏது உரல்? செத்தவரைக் கடிச்சிருக்கே. கட்டுப்பாட்டை மீறினவளை நாங்க தின்னுடுவோம்."

"நான் இன்னும் சாகலையே, பெரியவரே!"

"அதனாலதான் தின்னலாம். செத்ததைத்தானே தொடக்கூடாது?" என்றார் நாட்டாமை. பின்னால் நின்ற நாற்பதும் ஆமாம் என்று தலையாட்டின.

எறும்புகள் வளைத்தன. தலைக்கு மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஓடினால் பிள்ளைகள் சுருண்டுவிடும், நின்றால் எறும்பு. செல்லாயிக்கு வேறெதுவும் தோன்றவில்லை. நாலு நாளாகக் கைவந்த ஒரே வேலைதான் நினைவுக்கு வந்தது. எதைப் பார்த்துப் பயந்தாலும் எச்சில் குழைத்த மண்ணால் மூடுவது. இந்த முறை தன்னையே மூடினாள். "ஆளுக்கொரு வாய் மண்ணு எடுங்கடா!" என்று பிள்ளைகளிடம் கத்தினாள். அத்தனை பிள்ளைகளும் மண்ணைக் குழைத்து நாலு பக்கமும் எழுப்பித் தலைக்கு மேல் வளைத்தன. நாட்டாமை எட்டிப் பிடிப்பதற்குள் கடைசிப் பொத்தல் அடைபட்டது.

எறும்புகள் அதன்மேல் ஏறி நடந்தன. மோப்பம் பிடித்துத்தான் அவை ஆளை அறியும்; இப்போது மண் வாசம் மட்டுமே வந்தது. "எங்கேடா போனா?" "வெறும் மண்ணுதாங்க இருக்கு." உள்ளே செல்லாயி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருட்டாகவும் ஈரமாகவும் இருந்தது. வெயில் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அவளுக்கு முதன்முதலாகக் கவலை விட்டது.

எறும்புகள் போன பிறகு, கூரையை அப்படியே ஒரு வாய் ஒரு வாயாக நீட்டிக்கொண்டு பெரிய இலுப்பை வரைக்கும் போனாள். அந்தச் சாயங்காலமே மழை வந்து பாதிக் கூரையைக் கரைத்துக் கன்றின் காலடிக்குக் கொண்டுபோனது.

"உன் எச்சில் கலந்ததுல இது இன்னும் ருசியா இருக்குடி," என்றது மண்.

"உனக்கு ருசி. எனக்கு வேலை," என்று முணுமுணுத்துக்கொண்டே செல்லாயி திரும்பவும் மண்ணைக் குழைத்தாள்.

அந்தக் கன்று வளர்ந்து, பூத்து, காய்த்து, தன் காலம் முடிந்ததும் விழுந்தது. அதன்மேலும் மண்கூரை ஏறியது. அதன் பக்கத்திலும் ஒரு கன்று சிவப்பாகத் தளிர்த்தது.

நம் வீட்டு நிலைக்கதவும் கறையான் கண்ணுக்கு விழுந்து கிடக்கும் மரம்தான். பின்னால் எங்கோ ஒரு கன்று பசியோடு நிற்கிறது என்றுதான் அது வருகிறது. ஆனால் ஒருபோதும் வெளிப்படையாக வராது. செல்லாயி பயந்துபோய்த் தன்னை மூடிக்கொண்ட அந்த நாள் தொட்டுத்தான், கறையான் எங்கே கிளம்பினாலும் தலைக்கு மேல் மண்ணால் ஒரு கூரையைப் போட்டுக்கொண்டே போகிறது.